எலும்பைக் கேட்டுச் சொல்லும் கருவி வேண்டும்: மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கருவிகளை ஆராய்ந்து அனுமதி வழங்கும் ஒழுங்குமுறை அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

படங்களின் வழிகாட்டுதலில் இயங்கும் ரோபோக் கரங்களின் துணையுடன் முதுகெலும்பு அறுவை செய்துவரும் மருத்துவர் என்ற நிலையிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். இக்கருவிகளை எதிர்ப்பவர்கள் வரிசையில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் வளைந்து தன் அச்சிலேயே திருகிப்போன முதுகெலும்பிலும், முன்பே அறுவை நடந்து எலும்பின் அடையாளங்கள் எல்லாம் தழும்புக்குள் மறைந்துவிட்ட முதுகிலும், ரோபோ காட்டிய வழி இல்லாதிருந்தால் நான் துளையிடத் துணிந்திருக்கவே மாட்டேன் என்று சொல்லத்தக்க தருணங்கள் பல உண்டு. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கருவி தனக்குக் குறித்துக் கொடுத்த இடத்துக்கு எவ்வளவு துல்லியமாகச் செல்கிறது என்பதை மட்டும் அளந்து அனுமதி வழங்காதீர்கள். குறித்த இடத்தில் எலும்பு இன்னமும் இருக்கிறதா என்பதை அறுவையின் நடுவிலேயே சோதித்துச் சொல்லும் திறனையும் அனுமதிக்கான நிபந்தனையாக்குங்கள்.

இது ஏன் தேவை என்பதை விளக்க, நாங்கள் வேலை செய்யும் இடத்தின் அளவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்புறம் உருளை போன்ற உடற்பகுதி ஒன்றும், பின்புறம் தண்டுவடத்தைச் சூழ்ந்து நிற்கும் எலும்பு வளைவு ஒன்றும் உள்ளன. இவ்விரண்டையும் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் இணைக்கும் குட்டையான எலும்புத் தண்டுகளைப் பெடிக்கிள் என்கிறோம். தளர்ந்த அல்லது முறிந்த முள்ளெலும்புகளை நிலைநிறுத்தும் உலோகத் திருகுகள் இந்தத் தண்டின் நடுவே நுழைந்துதான் முன்பகுதியைப் பற்ற வேண்டும். பிரான்சின் ரேமண்ட் ராய்-கமீல் 1960களில் கையாளத் தொடங்கிய இந்த வழி, இன்று உலகெங்கும் முதுகெலும்பு அறுவையின் அன்றாட வேலையாகிவிட்டது. தண்டின் உட்சுவருக்கு அப்பால் டியூரா உறையும் அதனுள் தண்டுவடமும் இருக்கின்றன. கீழ்விளிம்பை உரசினாற்போல நரம்பு வேர் வெளியேறுகிறது. மார்புப் பகுதியில் இடப்பக்கமாக விலகி முன்னே சென்றுவிட்டால் பெருந்தமனி இருக்கிறது. கீழ் இடுப்பில் இத்தண்டின் அகலம் பலருக்கு 15 மில்லிமீட்டரைத் தாண்டும் என்றாலும், நடு மார்புப் பகுதியில் அது வயதுவந்தவர்களிடமும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. அங்கே நாங்கள் செலுத்தும் திருகின் விட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ராம்பர்சாடும் அவருடைய சகாக்களும் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கீடு ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். தண்டின் அகலத்தையும் திருகின் தடிமனையும் வைத்து, சுவரைத் துளைக்காமல் இருக்க எவ்வளவு பிழையைத் தாங்கலாம் என்று ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் அவர்கள் கணக்கிட்டார்கள். ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்பில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் வரை இடமிருந்தது. ஐந்தாம் மார்பு முள்ளெலும்பில் இடமே இல்லை. கோணத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. எலும்பின் மேற்பரப்பில் சரியான புள்ளியில் தொடங்கினாலும், திசை 1 பாகை விலகினால் 40 மில்லிமீட்டர் ஆழத்தில் முனை 0.7 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். 5 பாகை விலகினால் 3.5 மில்லிமீட்டர். மனிதக் கை களைப்படையும் மூன்றாவது மணி நேரத்திலும் ஒரே கோணத்தைப் பிடித்து நிற்கும் இயந்திரக் கரத்தை நாங்கள் விரும்பி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் அந்தக் கரத்துக்குக் கண் இல்லை. அது எலும்பைப் பார்ப்பதில்லை. எலும்பு எங்கே இருக்கிறது என்று தனக்குச் சொல்லப்பட்டதை நம்பிச் செல்கிறது. சொல்லப்படும் முறையைச் சற்று விரிவாக எழுத என்னை அனுமதியுங்கள். நோயாளியின் சி.டி. படத்தில் ஒவ்வொரு திருகின் பாதையையும் முதலில் வரைந்துகொள்கிறோம். படத்திலுள்ள முதுகெலும்பும் மேசைமேல் கிடக்கும் முதுகெலும்பும் ஒன்றே என்று கணினிக்கு உணர்த்தும் பணி அடுத்து வருகிறது. ரெஜிஸ்ட்ரேஷன் என்று அறுவை அரங்கில் சொல்லும் படப்பொருத்தம் இதுதான். அறுவைக்கு முன்பே எடுத்த படம் என்றால், நோயாளி மல்லாந்து படுத்திருந்தபோது எடுத்தது அது. அறுவையின்போதோ அவர் குப்புறக் கிடக்கிறார். எலும்புகளுக்கு இடையிலான நிலை மாறிவிடுவதால், மேசையில் எடுக்கும் எக்ஸ்-ரே படங்களோடு ஒவ்வொரு முள்ளெலும்பையும் தனித்தனியாகப் பொருத்த வேண்டியிருக்கிறது. அரங்கிலேயே சுழன்று முப்பரிமாணப் படம் எடுக்கும் கருவி இருந்தால் இச்சிக்கல் குறையும். அப்போதும், படம் எடுக்கும் சில நொடிகளுக்கு மூச்சை நிறுத்திவைக்குமாறு மயக்கமருந்து மருத்துவரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வதுண்டு, ஏனெனில் மூச்சோடு சேர்ந்து முதுகெலும்பும் அசைகிறது.

பொருத்தம் முடிந்ததும், முள்ளெலும்பின் பின்முள்ளிலோ இடுப்பெலும்பிலோ ஒரு சிறு சட்டத்தைப் பிடிப்பாகப் பொருத்துகிறோம். அதில் ஒளியைத் திருப்பும் உருண்டைகள் இருக்கும்; மேசைக்கு எதிரே நிற்கும் அகச்சிவப்புக் கேமரா அவற்றையும் ரோபோக் கரத்தில் உள்ள உருண்டைகளையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சட்டம் இருக்கும் இடமே எலும்பு இருக்கும் இடம் என்று அதன்பின் கணினி கொள்கிறது. இந்த ஒரே அனுமானத்தின் மேல்தான் முழு அறுவையும் நிற்கிறது. சி.டி. படத்தின் ஒவ்வொரு வெட்டுப்படத்தின் தடிமன், பொருத்தத்தில் எஞ்சும் பிழை, கேமராவின் பிழை, கரத்தின் நெகிழ்வு, துளையூசியின் வளைவு, சட்டத்துக்கும் நாம் துளையிடும் எலும்புக்கும் இடையிலுள்ள தொலைவு என ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே போக, இவற்றின் கூட்டுத்தொகைதான் நோயாளியின் உடலுக்குள் வந்து சேர்கிறது. விளம்பரக் கையேடுகளில் அச்சாகும் துல்லிய எண் பெரும்பாலும் அசையாத மாதிரி எலும்பில் அளந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இக்கோரிக்கையின் அவசரத்தைப் புரியவைக்க முடியாது. மார்புப் பகுதியில் கூனல் விழுந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்கு அறுவை செய்துகொண்டிருந்தோம். படப்பொருத்தம் நன்றாக அமைந்தது. முதல் நான்கு திருகுகளும் சரியாக இறங்கின. ஐந்தாவதற்காகக் கரம் தன் இடத்தில் வந்து நின்றபோது, துளையூசியை வழிநடத்த அது பிடித்திருந்த குழாயின் வாய் எலும்பின் மேல் அமர்ந்திருந்த இடம் என் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உட்பக்கமாக, அதாவது தண்டுவடத்தின் பக்கமாக, அது இருந்தது. திரையிலோ எல்லாம் பச்சையாக இருந்தது; பாதையும் முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிழை என்ற கட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான எண் நின்றது. சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். அதன் பிடி தளர்ந்திருந்தது. தசையை விலக்கிப் பிடித்திருந்த கருவி ஒன்று சற்று நேரத்துக்கு முன் அதன்மேல் சாய்ந்திருக்க வேண்டும். எந்த நொடியில் என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

நிறுத்தினோம். சட்டத்தை மீண்டும் இறுக்கி, மறுபடியும் படமெடுத்துப் பொருத்தி, முதல் நான்கு திருகுகளையும் சரிபார்த்த பிறகே தொடர்ந்தோம். அந்தப் பெண் நலமாக இருக்கிறார். அன்று நடந்ததை அவரிடமும் அவருடைய பெற்றோரிடமும் மறைக்காமல் சொன்னேன். அதன்பின் கருவியின் தயாரிப்பாளரிடம் அன்றைய இயக்கப் பதிவைக் கேட்டேன். கருவி அதற்கு வகுக்கப்பட்ட வரம்புக்குள்தான் இயங்கியது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த வரி உண்மையானது என்பதே என்னை இன்றுவரை உறுத்துகிறது. கேமரா சட்டத்தைச் சரியாகப் பார்த்தது. கரம் சட்டத்தைக் கொண்டு கணக்கிட்ட இடத்துக்கு அரை மில்லிமீட்டர் பிசகாமல் சென்றது. எலும்பு மட்டும் அங்கே இல்லை.

மருத்துவமனையின் உள்ளறிக்கைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். காயம் என்ன, நோயாளிக்கு நேர்ந்த தீங்கு என்ன என்பவையே அதில் முதல் கேள்விகள். தீங்கு நேரவில்லை என்பதால் நிரப்புவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. எத்தனை அறுவை அரங்குகளில் எத்தனை மருத்துவர்கள் இதே போன்ற 3 மில்லிமீட்டரைத் தம் கண்ணால் பிடித்துத் திருத்திவிட்டு, வீடு திரும்பி, எவரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

இத்துறையின் வரலாறும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. முதுகெலும்புக்கென்றே அமைந்த முதல் ரோபோவான ஸ்பைன்அசிஸ்ட், இஸ்ரேலில் மோஷே ஷோஹாமின் ஆய்விலிருந்து உருவாகி, 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியைப் பெற்றது. கையடக்கமான, ஆறு கால்கள் கொண்ட அந்தச் சிறு கருவியை நோயாளியின் எலும்போடு பிணைத்த ஒரு தாங்கியின் மேலேயே பொருத்தினார்கள். எலும்பு அசைந்தால் கருவியும் சேர்ந்தே அசையும் என்ற நல்ல சிந்தனை அதில் இருந்தது. ஆயினும் 2012ஆம் ஆண்டில் ஃப்ளோரியான் ரிங்கெலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு எங்கள் எல்லோரையும் நின்று யோசிக்க வைத்தது. 60 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, 298 திருகுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். வெறுங்கையால் செலுத்தியவற்றில் 93 விழுக்காடு நல்ல நிலையில் அமைந்திருக்க, ரோபோவின் துணையோடு செலுத்தியவற்றில் 85 விழுக்காடே அப்படி அமைந்தன. ரோபோப் பிரிவில் 10 திருகுகளுக்குக் கருவியை ஒதுக்கிவிட்டுக் கைமுறைக்கு மாற வேண்டியிருந்தது. அந்த ஆய்வில் தாங்கியை எலும்போடு முழுமையாகப் பிணைக்காமல் மேசையோடு சேர்த்துப் பொருத்தியிருந்த முறையும், சரிவான எலும்புப் பரப்பில் குழாயின் முனை வழுக்கி நழுவியதும் காரணங்களாக இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

அந்த நழுவலைப் பற்றிச் சிறிது நிற்க வேண்டும், ஏனெனில் அதுவும் திரையில் தெரியாத பிழைதான். முள்ளெலும்பில் நாங்கள் துளையிடத் தொடங்கும் இடம் சமதளம் அல்ல. பக்கத்து மூட்டின் புடைப்பு அங்கே சரிவாக இறங்குகிறது. சிறு கீறல் வழியாகக் குழாயை நுழைக்கும்போது இருபுறமும் உள்ள தசை அதை நெருக்கித் தள்ளும். துளையூசியின் முனை சரிவில் பட்டு ஒரு மயிரிழை வழுக்கினாலும், கரம் இருக்கும் இடம் மாறாது. ஊசி மட்டும் வளைந்து வேறு வழியில் இறங்கும். திறந்த அறுவையில் துளையிட்டதும் உருண்டை முனை கொண்ட மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, நான்கு சுவர்களையும் அடித்தளத்தையும் துழாவிப் பார்ப்பது எங்கள் பழைய வழக்கம். எலும்பின் கெட்டியும் அதற்கு அப்பாலுள்ள மென்மையும் விரலுக்கு வந்து சேரும். நுண்கீறல் அறுவையில் அந்தத் தொடுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. கை இழந்ததைக் கருவி ஈடுசெய்தாக வேண்டும். துளையூசியின்மீது பக்கவாட்டில் படும் விசையை அளந்து எச்சரிக்கும் உணரிகள் சில புதிய கருவிகளில் வந்துவிட்டன. இது ஒரு வசதியாக விற்கப்படுவதை விட்டு, எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படைத் தகுதியாக வேண்டும்.

பின்னர் வந்த கருவிகள் முன்னேறியிருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். பிரான்சின் மோன்பெலியே நகரில் உருவான ரோசா ஸ்பைன் 2016இலும், எக்ஸெல்சியஸ்ஜி.பி.எஸ். 2017இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. சீனாவின் டைரோபோட் கருவியைக் கொண்டு 234 நோயாளிகளிடம் நடத்திய குலுக்கல் முறை ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. அதில் ரோபோவின் துணையோடு செலுத்திய திருகுகளில் 95.3 விழுக்காடு சுவரைச் சற்றும் தொடாமல் முழுமையாக எலும்புக்குள் அமைந்திருந்தன. தொடர் எக்ஸ்-ரேயின் துணையோடு மட்டும் செலுத்தியவற்றில் அந்த விகிதம் 86.1. இதைப் படித்துவிட்டு 2012இன் கேள்வி முடிந்துபோயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரு ஆய்வுகளும் வேறு வேறு கருவிகளை, வேறு வேறு கைகளில், வேறு வேறு ஒப்பீட்டு முறைகளோடு சோதித்தன. கருவியின் தரம் என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு, அதைப் பொருத்தும் விதத்திலும் அரங்கிலுள்ளவர்களின் பழக்கத்திலும் அடங்கியிருக்கிறது என்பதையே இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

இந்த ஆய்வுகள் அளப்பது எதை என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். 1990இல் கெர்ட்ஸ்பைனும் ராபின்ஸும் வகுத்த தரவரிசையைத்தான் நாங்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறோம்: திருகு முழுதும் எலும்புக்குள் இருந்தால் ஏ, சுவரை 2 மில்லிமீட்டருக்குள் தாண்டியிருந்தால் பி, அதன்பின் ஒவ்வொரு 2 மில்லிமீட்டருக்கும் ஒரு தரம் இறங்கும். ஏ, பி இரண்டையும் சேர்த்து ஏற்கத்தக்கவை என்று எண்ணுவது வழக்கம். அறுவை முடிந்த பின் எடுத்த சி.டி. படத்தில் திருகு எங்கே முடிந்தது என்பதையே இத்தரவரிசை சொல்கிறது. அது அங்கே போய்ச்சேர்வதற்குள் எத்தனை முறை பொருத்தம் கெட்டது, எத்தனை முறை மருத்துவரின் கண் கருவியைத் தடுத்தது, எத்தனை முறை கரத்தை விலக்கிவிட்டுக் கையாலேயே முடித்தோம் என்பவை அதில் வருவதில்லை. என் நோயாளியின் ஐந்தாவது திருகு எந்த ஆய்விலும் ஏ தரத்தில்தான் எண்ணப்படும். கருவி காட்டிய வழியில் நான் சென்றிருந்தால் அது எந்தத் தரத்தில் விழுந்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

ஆகவே நான் கேட்பவற்றைத் தெளிவாக எழுதுகிறேன். முதலாவதும் முதன்மையானதும், இடைச்சோதனை. ஒவ்வொரு திருகுக்கும் முன்பாக, கருவி சட்டத்தைச் சாராத வேறொரு வழியில் எலும்பின் இருப்பிடத்தை உறுதிசெய்ய வேண்டும். அதற்கான வழிகள் அறிவியலில் இல்லாதவை அல்ல. எலும்பில் தனியாகப் பதித்த இரண்டாவது குறியை முதல் சட்டத்தோடு இடைவிடாமல் ஒப்பிடலாம். ஒன்றையொன்று விட்டு விலகினால் கணினி அதை உடனே அறியும். தெரிந்த எலும்பு முனை ஒன்றைக் கரமே தொட்டுப் பார்த்து எண்ணைச் சரிபார்க்கலாம். ஒற்றை எக்ஸ்-ரே படத்தைச் சி.டி. படத்தோடு ஒப்பிட்டு விலகலைக் கணக்கிடலாம். மீயொலியால் எலும்பின் மேற்பரப்பை வருடிப் பார்க்கும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. எந்த வழி என்பதைத் தயாரிப்பாளர்கள் தேர்ந்துகொள்ளட்டும். சோதனை நடந்து எவ்வளவு நேரமாயிற்று, அதன்பின் எத்தனை அசைவுகள் நேர்ந்தன, இப்போது எவ்வளவு உறுதியுடன் எலும்பின் இடத்தைச் சொல்ல முடிகிறது என்பதைத் திரையில் காட்டுவதும், உறுதி குறைந்தால் பச்சை விளக்கு அணைவதும் கட்டாயமாக வேண்டும். பிழை என்ற கட்டத்தில் கரத்தின் பிழையை மட்டும் காட்டிவிட்டு அதை முழுப் பிழைபோலப் படிக்கவிடும் வழக்கத்தை இனியும் அனுமதிக்கக் கூடாது.

துல்லியத்தை அளக்கும் நிலைமைகளையும் மாற்ற வேண்டும். கணினி வழிகாட்டும் அறுவைக் கருவிகளின் இடத் துல்லியத்தை அளக்க தரநிலைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் எஃப்2554 என்ற தர முறை உள்ளது. ரோபோ அறுவைக் கருவிகளின் அடிப்படைப் பாதுகாப்புக்கென 2019இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 80601-2-77 என்ற தரநிலையும் வந்தது. இவை பயனுள்ளவை, கருவியைப் பற்றி இவை நன்றாகச் சொல்கின்றன. எங்களுக்குத் தேவைப்படும் கூடுதல் சோதனையில் எலும்பு மூச்சுவிட வேண்டும். சுற்றிலும் தசையின் நெருக்கம் இருக்க வேண்டும். தொடங்கும் பரப்பு சரிவாக இருக்க வேண்டும். சட்டம் நான்கு முள்ளெலும்பு தள்ளிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நடுவே எவரோ ஒருவர் அறியாமல் அதை இடித்திருக்கவும் வேண்டும். அப்படி இடித்த பிறகு கருவி அதைக் கண்டுபிடிக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் விலகலில் கண்டுபிடிக்கிறது, எத்தனை நொடியில் சொல்கிறது என்ற எண்களை வெளியிடச் செய்யுங்கள். சராசரிப் பிழை எங்களுக்குப் போதாது. மிக மோசமான சில விழுக்காட்டில் நேரும் பிழையே ஐந்தாம் மார்பு முள்ளெலும்பில் ஒருவர் நடப்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

முன்பே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு ஒப்பானது என்று காட்டி அனுமதி பெறும் வழி, அமெரிக்காவின் 510(கே) போல, இத்துறையில் பெரிதும் பயன்பட்டுவருகிறது. திருகு, தட்டு போன்ற அசையாப் பொருள்களுக்கு அவ்வழி போதுமானதாக இருக்கலாம். மென்பொருள் மாறும்போதெல்லாம் எலும்பைக் காணும் விதமே மாறிவிடும் கருவிக்கு அது போதாது. ஓர் ஆய்வு தொடங்கி, நோயாளிகள் சேர்ந்து, முடிவு அச்சேறுவதற்குள் அந்தக் கருவியின் மென்பொருள் சிலமுறை மாறிவிட்டிருக்கும். ஆய்வு புகழும் கருவியும் அரங்கில் நிற்கும் கருவியும் பெயரால் மட்டும் ஒன்றாக இருக்கும். படப்பொருத்தத்தையோ இடமறியும் கணக்கையோ தொடும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேற்சொன்ன சோதனையை மீண்டும் நடத்தி, பதிப்பு எண்ணோடு முடிவை வெளியிடும் கடமையை விதியுங்கள்.

இயக்கப் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும் நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். ஒவ்வோர் அறுவையிலும் கரத்தின் அசைவு, கேமரா கண்டவை, விசை அளவுகள், எச்சரிக்கைகள், அவற்றை மருத்துவர் ஏற்றாரா மீறினாரா என்பவை அனைத்தும் நேரக் குறிப்போடு பதிவாக வேண்டும். அது நோயாளியின் மருத்துவ ஆவணத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டு, அவரும் அவருடைய மருத்துவரும் கேட்டதும் கிடைக்க வேண்டும். தீங்கு நேராமல் தப்பிய நிகழ்வுகளை, எவரையும் குற்றவாளியாக்காமல் திரட்டும் பொதுப் பதிவேடு ஒன்றும் அவசியம். அதற்கு எழுத வரும் மருத்துவர்களில் நான் முதல் ஆளாக இருப்பேன்.

கதிர்வீச்சைப் பற்றி ஒரு சொல். ரோபோக்கள் வந்த பிறகு, ஈயக் கவசம் அணிந்து தொடர் எக்ஸ்-ரேயின் அருகே நிற்கும் நேரம் எங்களுக்குக் குறைந்திருக்கிறது. இது எங்கள் கைகளுக்கும் தைராய்டு சுரப்பிக்கும் கண்ணுக்கும் நல்லது. கண்வில்லைக்கான பணிக்கால வரம்பை 2011இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டாகக் குறைத்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நோயாளிக்குப் படம் எடுக்கும் முறையைப் பொறுத்து அளவு கூடவும் செய்யலாம். குறைந்தது யாருக்கு என்பதைத் தனித்தனியாக எழுதுமாறு தயாரிப்பாளர்களிடம் கேளுங்கள்.

இதுவரை எழுதியது திருகுகளைப் பற்றியது. அவற்றில் கரம் குழாயைப் பிடித்து நிற்கிறது. துளையிடும் கை இன்னும் மருத்துவருடையதே. அடுத்து வர இருப்பவை இதைவிட நெருக்கமானவை. தண்டுவடத்தை அழுத்தும் எலும்பு வளைவைக் கரமே அரைத்து நீக்கும் கருவிகள் ஆய்வுக்கூடங்களிலிருந்து வெளியே வரத் தொடங்கியுள்ளன. அங்கே அரைக்கும் முனைக்கும் டியூரா உறைக்கும் இடையில் எஞ்சுவது மெல்லிய எலும்பு ஓடு மட்டுமே. காந்த அதிர்வுப் படக் கருவிக்குள்ளேயே, இரும்பில்லாத மின்னழுத்தப் படிக மோட்டார்களாலும் காற்றழுத்தத்தாலும் இயங்கி ஊசியைச் செலுத்தும் கரங்களும் உருவாகிவருகின்றன. திசுவுக்குள் வளைந்து செல்லும் ஊசியின் முனை எங்கே என்ற கேள்வி அங்கே இன்னும் கடினமானது. எலும்பைத் தானே அரைத்த முதல் ரோபோக்களில் ஒன்றான ரோபோடாக், 1992இல் இடுப்பு மூட்டு அறுவையில் மனிதர்களிடம் பயன்படத் தொடங்கி, ஜெர்மனியில் வேகமாகப் பரவி, பின்னர் நீண்ட அறுவை நேரத்தையும் தசைச் சேதத்தையும் பற்றிய புகார்களும் வழக்குகளும் எழுந்து அங்கே கைவிடப்பட்டதை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் அரைப்பில் துல்லியம் இருந்தது. அதைச் சுற்றியிருந்த உடலை அளக்க எவரும் முன்கூட்டியே கேட்கவில்லை. தண்டுவடத்தின் அருகே அதே வரிசையில் கற்றுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

கருவியைப் பழகும் காலத்தில் நேரும் பிழைகள் பற்றியும், முதல் சில பத்து அறுவைகளை எவருடைய மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது பற்றியும் மருத்துவர் அமைப்புகளே பேச வேண்டும் என்பதால் இங்கே அதை விரிக்கவில்லை.

அறுவைக்கு முன் ஒப்புதல் வாங்கும்போது நோயாளிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: செய்வது நீங்களா, ரோபோவா? நான்தான் செய்கிறேன், அது எனக்கு வழிகாட்டுகிறது என்று சொல்வேன். கூனல் விழுந்திருந்த அந்த இளம்பெண் மட்டும் அதோடு நிறுத்தவில்லை. அது தவறான வழியைக் காட்டினால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் கண்ணுக்குத் தெரியும் என்று அன்று பதில் சொன்னேன். அதிர்ஷ்டவசமாக ஐந்தாவது திருகில் அது பொய்யாகவில்லை. ஆனால் அன்று திறந்த அறுவை என்பதால் எலும்பு என் கண்முன் இருந்தது. ஒரு விரல் அகலக் கீறலின் வழியே அதே அறுவையைச் செய்யும் நாளில், அதே கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைக் கருவியிடமிருந்து கேட்டு வாங்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

உண்மையுடன்,
முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர்